அக்கா பையனுக்கு கவனமே நிக்கல: ரத்தத்துல வந்ததா, பட்ட அடியால வந்ததா?

திருப்பூர்_சித்தி:

எல்லாருக்கும் வணக்கமுங்க. கொஞ்சம் நீளமா எழுதறேன், பொறுமையா படிச்சு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

எங்க அக்கா பையன் மூணு வருசமா எங்கூடத்தான் இருக்கான். இப்ப 10 வயசு, அஞ்சாவது. அவனுக்கு ஏழு வயசுல அக்கா மஞ்சக்காமாலையில போயிட்டா. அதுக்கு முன்னாடி அந்த வீட்ல அவன் பாத்ததெல்லாம் எழுதவே கை வரல. மாமா குடிச்சுட்டு வந்து அக்காவ அடிப்பாரு, இவன் குறுக்க போய் நிப்பான், இவனுக்கும் விழும். இப்ப அவரு எங்க இருக்காருன்னே சரியா தெரியல.

பையன் ரொம்ப பாசமானவன், மூளையும் நல்லாருக்கு. ஆனா ஒரு எடத்துல மனசு நிக்காது. அவன் நோட்ட பாத்தீங்கன்னா மொத மூணு வரி முத்து முத்தா இருக்கும், நாலாவது வரில எழுத்து சாயும், ஆறாவது வரில பாதி வார்த்தையோட நின்னுபோயி ஓரத்துல ஒரு ஜேசிபி படம் இருக்கும். தயிரும் கொத்தமல்லியும் வாங்கிட்டு வாடா கண்ணுன்னு அனுப்புனா அரை மணி நேரம் கழிச்சு வெறுங்கையோட வருவான், காசு உள்ளங்கையில அப்படியே வேர்த்து ஒட்டிருக்கும், வழில சாக்கடைக்கு குழி தோண்டறத பாத்துட்டு நின்னுருப்பான், அந்த பக்கெட்டுல எத்தன பல்லு இருக்குன்னு கரெக்டா சொல்லுவான், எதுக்கு போனோம்ங்கறதுதான் மறந்துபோயிருக்கும். இந்த வருசம் மட்டும் நாலு தண்ணி பாட்டில் தொலைச்சாச்சு.

இன்னொண்ணும் இருக்குங்க. சமையக்கட்டுல ஒரு தட்டு கீழ விழுந்தா போதும், ரெண்டு கையாலயும் தலைய மூடிக்குவான். எங்க வீட்டுக்காரர் ஃபோன்ல கொஞ்சம் சத்தமா பேசுனாலே பாத்ரூம் பக்கம் போயி செவுத்தோட ஒட்டி நின்னுக்குவான்.

ஸ்கூல் கவுன்சிலர் மேடம் இது ட்ராமா, அதாவது பட்ட கஷ்டத்தால மனசுல விழுந்த காயம், அன்பா இருங்க, சரியாயிரும்னு சொல்றாங்க. அவன் அப்பத்தா போன மாசம் பாக்க வந்தப்ப அவன் காதுபடவே சொல்லுது, "அவங்கப்பன் ரத்தம், அவனும் இப்படித்தான், நாலாவதோட நின்னுட்டான், எந்த வேலையிலயும் ஆறு மாசம் நிக்கல"ன்னு. அதைக் கேட்டதுல இருந்து எனக்கு தூக்கம் வரல. அக்காவும் சொல்லுவா, தொட்டில்ல போட்டாலே புரண்டு புரண்டு கவுத்துருவான், ஒம்பதாம் மாசமே நடந்துட்டான்னு. அப்பெல்லாம் மாமா இந்தளவு குடிக்கல, பையனுக்கு மூணு வயசுக்கு மேலதான் வீடு கெட்டுது.

அப்ப இது ஜீனா, பட்ட கஷ்டமா? ஜீன்னா மாத்தவே முடியாதா? வளந்து அவங்கப்பனாட்ட ஆயிருவானா? போன வாரம் வீட்டுப்பாடம் சொல்லிக்குடுக்கறப்ப கோவத்துல கரண்டிக் காம்பால கையில ஒண்ணு போட்டுட்டேன், அவன் அழுகவே இல்ல, என்னையே பாத்துட்டு நின்னான். அன்னைக்கு நைட்டெல்லாம் நான்தான் அழுதேன்.

பழைய_வாத்தியார்:

தங்கச்சி, நீ அந்தப் பிள்ளைய எடுத்து வளக்கிறியே, அதுக்கே நூறு வருஷம் நல்லாயிருக்கணும். நான் முப்பது வருஷத்துக்கு மேல பள்ளிக்கூடத்துல இருந்தவன், மனசுல பட்டதைச் சொல்லுதேன். எங்க காலத்துல ஒரு வகுப்புல அறுபது பிள்ளைங்க இருக்கும், வாலு, சேட்டை, மறதின்னு எல்லாம் உண்டு, இந்தப் பேரெல்லாம் அப்ப கிடையாது. வீட்லயும் அடி, பள்ளிக்கூடத்துலயும் அடி வாங்கித்தான் நாங்க வளந்தோம், ஆளாகலையா? இப்ப செல்போனும் பாக்கெட் பண்டமும் வந்தப்பறம்தான் பிள்ளைங்க இப்படி இருக்காங்கன்னு நான் நினைக்கேன். மொதல்ல ஃபோனைக் கையில குடுக்காத. காலையில எழுப்பி ஓட விடு. சின்ன வயசுல ஆஸ்பத்திரி, மாத்திரைன்னு ஆரம்பிச்சுராத.

மதுரை_மனசு:

சித்தி, நான் மதுரைல குழந்தைகளுக்கான சைக்காலஜிஸ்ட். நெட்ல ஒரு குழந்தைய பாக்காம இது இன்னதுன்னு சொல்லக்கூடாது, அதனால நான் சொல்றத டயக்னோசிஸா எடுத்துக்காதீங்க, டாக்டர்கிட்ட என்ன கேக்கணும்னு எடுத்துக்கோங்க.

நீங்க எழுதுனதுலயே ரெண்டு வேற வேற விஷயம் இருக்கு, நீங்களே அழகா பிரிச்சும் எழுதிட்டீங்க. ஜேசிபிய பாத்துட்டு நின்னது ஒண்ணு, தட்டு விழுந்தா தலைய மூடிக்கிறது இன்னொண்ணு. முதலாவதுல கவனம் அவனுக்கு பிடிச்ச பக்கம் ஓடிடுது. ரெண்டாவதுல கவனம் ஓடல, அது காவலுக்கு நிக்குது. அடி விழுந்த வீட்ல வளர்ந்த குழந்தை எப்பவும் ஒரு காத வாசப்பக்கம் வச்சிருக்கும், கதவு சத்தம் எப்படி, செருப்பு கழட்டுற சத்தம் எப்படி, இன்னைக்கு என்ன நெலமைல வர்றாருன்னு. அந்த வேலைய பாத்துக்கிட்டே வகுத்தல் கணக்கும் போட முடியாது. வெளிய இருந்து பாக்குற டீச்சருக்கு ரெண்டுமே "கவனிக்க மாட்டேங்கறான்"தான். ஒரே குழந்தைக்கு ரெண்டும் சேர்ந்து இருக்கலாம், நான் நிறைய பாத்திருக்கேன்.

அதனாலதான் அன்பா இருந்தா எல்லாம் சரியாயிடும்ங்கறத நான் அப்படியே ஒத்துக்க மாட்டேன். அன்பு வேணும், அது இல்லாம எதுவும் நடக்காது, ஆனா ஏடிஎச்டி (கவனம் நிக்காம, நிலைகொள்ளாம இருக்குற கோளாறு) உள்ள குழந்தைக்கு அன்பு மட்டும் குடுத்துட்டு காத்திருந்தா அவன் ஏழாவது எட்டாவதுல பின்தங்கி "நான் மக்கு"ன்னு முடிவு பண்ணிடுவான். அதே மாதிரி பயத்துல இருக்குற குழந்தைக்கு மாத்திரைய மட்டும் குடுத்தாலும் அந்த பயம் போகாது.

டாக்டர் பாக்குற அளவுகோல்ல முக்கியமானது, இந்த அறிகுறிகள் 12 வயசுக்கு முன்னாடியே இருந்ததா, வீடு ஸ்கூல்னு குறைஞ்சது ரெண்டு எடத்துல இருக்கா, ஆறு மாசத்துக்கு மேல தொடர்ந்து இருக்கா, படிப்பையோ பழக்கத்தையோ கெடுக்குதா, இதெல்லாம்தான். அதோட வேற காரணம் இல்லைன்னும் பாக்கணும். கண்ணு, காது, ரத்தசோகை, தூக்கம். நைட்டு கனவுல கத்துறானா, குறட்டை விடுறானா, திடீர்னு சில செகண்ட் வெறிச்சுப் பாத்துட்டு அப்படியே நிக்குறானா, இதையெல்லாம் ரெண்டு வாரம் ஒரு நோட்டுல தேதி போட்டு எழுதுங்க. சின்ன வயசு ஸ்கூல் ரிப்போர்ட் ஏதாவது இருந்தா தேடி எடுத்து வைங்க, அது பெரிய உதவி.

போக வேண்டிய எடம்: பக்கத்து அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியில மனநல ஓ.பி. இருக்கும், குழந்தைகளுக்கான ஆரம்பநிலை இடையீட்டு மையம் எங்க இருக்குன்னும் அங்கயே கேளுங்க, 18 வயசு வரைக்கும் பாப்பாங்க. அதுக்கு முன்னாடி யாருகிட்டயாவது பேசணும்னா டெலிமானஸ்ங்கற அரசு மனநல உதவி ஃபோன் 14416, தமிழ்லயே பேசுவாங்க, காசு கிடையாது. நீங்களும் உங்களுக்காக பேசலாம். அக்காவ இழந்தது நீங்களும்தான்.

விதைநெல்:

நான் மரபணு சம்பந்தமா ஆராய்ச்சி பண்றவன், அந்த "ஜீன்னா மாத்தவே முடியாதா"ங்கற கேள்விக்கு மட்டும் விரிவா எழுதுறேன், ஏன்னா இந்த எடத்துலதான் ரொம்ப பேரு மனசு ஒடஞ்சு போறாங்க.

அப்பத்தா சொன்னதுல பாதி உண்மை. ஏடிஎச்டி குடும்பத்துல ஓடுற விஷயம்தான். ஒரே கருமுட்டைல பிறந்த ரெட்டையர்களையும் தனித்தனி கருமுட்டைல பிறந்த ரெட்டையர்களையும் ஒப்பிட்டு பாத்த ஆய்வுகள் 37 இருக்கு, அதோட சராசரி 74 சதவீதம் மரபுவழின்னு வருது. கேக்க பயமா இருக்கும். ஆனா இதுக்கு "இந்தப் பையன் பிரச்சனைல 74 பங்கு அப்பன் குடுத்தது"ன்னு அர்த்தம் கிடையவே கிடையாது. ஒரு கூட்டத்துல ஆளுக்கு ஆள் ஏன் வித்தியாசப்படுறாங்கங்கறதுக்கான கணக்கு அது. ஒரே வயல்ல ஒரே தண்ணி ஒரே உரம் வச்சு ஐ.ஆர்.20யும் மாப்பிள்ளைச் சம்பாவும் நடுங்க, ஒண்ணு குட்டையா நிக்கும் ஒண்ணு ஆள் உயரம் வளரும், அந்த வயல்ல வித்தியாசம் முழுக்க விதையால. அதே மாப்பிள்ளைச் சம்பாவ பக்கத்து வயல்ல தண்ணியே காட்டாம விட்டீங்கன்னா முழங்கால் அளவுல கருகி நிக்கும். விதை அதேதான். மரபுவழி சதவீதம் பெருசா இருக்குங்கறதால வயலுக்கு வேலை இல்லன்னு ஆகாது.

ஏடிஎச்டி ஜீன்னு ஒண்ணு தனியா கிடையாது. 2019ல 20,000 பேருக்கு மேல ஏடிஎச்டி உள்ளவங்க டிஎன்ஏவ பாத்ததுல 12 எடத்துல தொடர்பு தெரிஞ்சுது, 2023ல 38,000 பேருக்கு மேல பாத்தப்ப 27 எடம். ஒவ்வொண்ணும் துளி துளியாத்தான் தள்ளும், அந்த மாதிரி ஆயிரக்கணக்குல சேர்ந்துதான் ஒருத்தரோட சாய்வு அமையுது. நம்ம எல்லார்கிட்டயும் அதுல கொஞ்சம் இருக்கு. அதனால யாராவது எச்சில் எடுத்து டெஸ்ட் பண்ணி சொல்றோம்னு காசு கேட்டா குடுக்காதீங்க, ஒரு தனி குழந்தைக்கு அத வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது.

ஜீன்ல இருந்தா மாத்த முடியாதுங்கறதும் தப்பு. பினைல்கீட்டோன்யூரியான்னு ஒரு நோய், ஒரே ஒரு ஜீன் கெட்டாலே வரும், கவனிக்காம விட்டா மூளை வளர்ச்சியே பாதிக்கும். ஆனா பிறந்த உடனே கண்டுபிடிச்சு சாப்பாட்ட மாத்துனா குழந்தை எல்லாரையும் போல வளரும். ஜீன் மாறல, தட்டுல வைக்கிற சாப்பாடுதான் மாறுச்சு.

இனி கஷ்டம்ங்கற பக்கம். கஷ்டம் மட்டுமே கவனத்த கெடுக்குமான்னு எப்படி கண்டுபிடிக்கிறது? சாதாரண குடும்பத்துல இத பிரிக்கவே முடியாது, ஏன்னா ஜீனும் வீடும் ஒரே அப்பா அம்மாகிட்ட இருந்து வருது. உங்க மாமாவையே எடுத்துக்கோங்க. ஒருவேளை அவருக்கே சின்ன வயசுல இது இருந்து யாரும் கவனிக்காம விட்டிருக்கலாம், நாலாவதோட நின்னது, வேலைல நிக்காதது, அப்பறம் குடி. பையனுக்கு அவர் ஜீனையும் குடுத்தாரு, அந்த ஜீன் வாட்டி எடுத்த ஒரு வீட்டையும் குடுத்தாரு. எது எதால வந்ததுன்னு எந்த டாக்டராலயும் பிரிச்சு எடை போட முடியாது. ஸ்வீடன்ல இதுக்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கு. கர்ப்பமா இருக்கும்போது சிகரெட் பிடிச்ச அம்மாக்களோட குழந்தைகளுக்கு ஏடிஎச்டி அதிகம்னு ரொம்ப நாளா தெரியும், புகைதான் காரணம்னு நெனச்சாங்க. அப்பறம் ஒரே அம்மா ஒரு கர்ப்பத்துல பிடிச்சு இன்னொரு கர்ப்பத்துல பிடிக்காம இருந்த அண்ணன் தம்பிகள ஒப்பிட்டு பாத்து 2014ல வெளியிட்டாங்க, அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட காணாமப் போச்சு. அதுக்காக புகை நல்லதுன்னு இல்ல, பிள்ளையோட எடைய அது குறைக்கும், ஆனா கவனக் கோளாறு விஷயத்துல நாம பாத்துட்டு இருந்தது பெரும்பாலும் குடும்பத்தோட சாய்வ.

இன்னொரு பக்கம் ருமேனியா. 1966ல அங்க செளசெஸ்கு அரசாங்கம் கருக்கலைப்ப தடை பண்ணுச்சு, வளக்க வழியில்லாத குடும்பங்க குழந்தைகள அரசு விடுதில விட்டாங்க. 1989 டிசம்பர்ல ஆட்சி கவிழ்ந்தப்பறம்தான் வெளி உலகம் உள்ள போய் பாத்துச்சு. தொட்டில்லயே கிடந்த குழந்தைங்க, தூக்கவோ பேசவோ ஆள் இல்ல. அப்ப ருமேனியால இருந்து பிரிட்டன் குடும்பங்க தத்தெடுத்த, பெரும்பாலும் விடுதில வளர்ந்த 165 குழந்தைகள மைக்கேல் ரட்டர்ங்கறவர் குழு பெரியவங்க ஆகுற வரைக்கும் பின்தொடர்ந்துச்சு. ஆறு மாசத்துக்குள்ள வெளிய வந்த குழந்தைங்க பெரும்பாலும் மத்த பிள்ளைங்க மாதிரியே வளர்ந்தாங்க. ஆறு மாசத்துக்கு மேல உள்ள இருந்தவங்கள்ல நிறைய பேருக்கு கவனமின்மையும் நிலைகொள்ளாமையும் இருபது வயசு தாண்டியும் போகல, அதுக்கப்பறம் நல்ல வீட்ல பல வருஷம் வளர்ந்தும்கூட. அதனால கடுமையான புறக்கணிப்பு கவனத்த நேரடியாவே பாதிக்கும்னு சொல்ல நமக்கு ஆதாரம் இருக்கு. ஆனா அதே கூட்டத்துல அஞ்சுல ஒருத்தர் எந்தக் கட்டத்துலயும் பிரச்சனையே இல்லாம வந்தாங்க. நிறைய பேருக்கு சின்ன வயசுல பின்தங்கி இருந்த அறிவுத்திறன் வளர வளர எட்டிப் பிடிச்சுடுச்சு. உங்க பையனுக்கு அந்த நெலம கிடையவே கிடையாது, அவன தூக்கி வச்சிருக்க அக்கா இருந்தாங்க, இப்ப நீங்க இருக்கீங்க.

ஐயாவுக்கு ஒரு வார்த்தை. ஃபோன குறைக்கணும், ஓட விடணும்னு சொன்னீங்க, ரெண்டும் நல்லதுதான். ஆனா அந்த அறுபது பேர்ல வகுப்பு முடியுற வரைக்கும் இருந்தவங்களத்தான் நமக்கு ஞாபகம் இருக்கும், பாதில நின்னுபோன பிள்ளைங்கள நாம எண்ணவே இல்ல.

நாமக்கல்_புக்கிங்:

சித்தி உங்க பதிவ லோடு ஏத்திட்டு இருக்கறப்ப படிச்சேன், அப்படியே ஓரமா உக்காந்துட்டேன்.

எனக்கு 41 வயசு, லாரி புக்கிங் ஆபீஸ்ல இருக்கேன். என் மகனுக்கு எட்டு வயசுல ஏடிஎச்டின்னு சொன்னாங்க, அந்த டாக்டர் கேள்வி கேக்க கேக்க என் சம்சாரம் என்னையே பாத்துட்டு இருந்தா, ஏன்னா ஒவ்வொரு கேள்வியும் எனக்கு கேட்ட மாதிரியே இருந்துச்சு. கடைசில எனக்கும் இருக்குன்னு சொன்னாங்க. எங்கப்பா எங்கம்மா குடிகாரங்க இல்ல, நல்ல குடும்பம், வீட்ல சண்டை கிடையாது. நான் பட்ட அடியெல்லாம் இதனாலயே வந்தது. நோட்டு மறந்துட்டு போனா அடி, டீச்சர் கேள்விய முடிக்கறதுக்கு முன்னாடி பதில் சொன்னா அடி, வயல்ல மோட்டார் போட்டுட்டு மறந்து வந்துட்டா அப்பாகிட்ட அடி. ஆறாவதுல ஒரு நாள் முட்டி போட வச்சு வகுப்புல இருந்த எல்லாரையும் என் தலைல ஒரு குட்டு குட்டிட்டு போகச் சொன்னாரு ஒரு சார், நாப்பது குட்டு. அதுக்கப்பறம் கணக்கு பீரியட்னாலே வயித்துவலி வந்துரும். இப்ப சொல்லுங்க, எனக்கு வந்தது ஜீனாலயா கஷ்டத்தாலயா? ஜீன்தான் அந்த கஷ்டத்த கூட்டிட்டு வந்துச்சு, அப்பறம் அந்த கஷ்டம் அதுக்கு மேல ஏறி உக்காந்துக்கிச்சு.

வாத்தியார் ஐயா, உங்க மேல மரியாதை இருக்குங்க, ஆனா அடி வாங்கி ஆளானோம்னு சொல்லாதீங்க. நான் அடி வாங்குனதால ஆளாகல, அடியையும் மீறி ஆளானேன். 2009 கல்வி உரிமைச் சட்டத்துலயே அடிக்கக் கூடாதுன்னு இருக்கு.

என் பையனுக்கு என்ன பண்றோம்னா, ஒரு நேரத்துல ஒரு வேலைதான் சொல்லுவோம், அதையும் தோள்ல கை வச்சு முகத்த பாத்துட்டு. வீட்டுப்பாடம் பத்து நிமிசம், அப்பறம் எந்திரிச்சு மாட்டுக்கு ஒரு வாளி தண்ணி காட்டிட்டு வருவான், திரும்ப பத்து நிமிசம். பைக்குள்ள வைக்க வேண்டியத படமா வரைஞ்சு செவுத்துல ஒட்டிருக்கோம். ஏடிஎச்டிக்கு குடுக்கற மெத்தில்பெனிடேட் மாத்திரையும் டாக்டர் சீட்டோட சாப்பிடறான், மொதல்ல பசி குறைஞ்சுது, நேரத்த மாத்திக் குடுத்தாங்க, இப்ப பரவால்ல. ஒரு பக்கம் முழுசா எழுதி முடிச்ச அன்னைக்கு அந்த நோட்ட தூக்கிட்டு தெரு முழுக்க காட்டிட்டு வந்தான்.

திருப்பூர்_சித்தி:

எல்லாருக்கும் கோடி நன்றிங்க. நாமக்கல் அண்ணா எழுதுனத வீட்டுக்காரருக்கு படிச்சு காட்டினேன், அவரும் இனி ஃபோன வெளிய போயி பேசறேன்னுட்டாரு. ஒண்ணே ஒண்ணு மட்டும் மறுபடி கேக்கறேன், குடிக்கு போயிருவானா? மாத்திரை சாப்பிட்டா பின்னாடி அந்த பழக்கம் வந்துரும்னு பக்கத்து வீட்டக்கா சொல்றாங்க.

மதுரை_மனசு:

ஏடிஎச்டிய கவனிக்காம விட்டா பெரியவங்களானப்பறம் போதைப் பழக்கத்துக்கு ஆபத்து கூடுதல், அது உண்மை. ஆனா டாக்டர் சொல்ற அளவுல மாத்திரை சாப்பிட்டதால அந்த ஆபத்து கூடுனதா ஆய்வுகள் காட்டல. மாத்திரை வேணுமா வேண்டாமாங்கறத டாக்டர் பாத்துட்டு சொல்லட்டும், பக்கத்து வீட்டக்கா வேண்டாம்.

இன்னொரு விஷயம், "அவங்கப்பன் ரத்தம்"ங்கற பேச்ச அவன் காதுல விழாம நிறுத்தணும். அப்பத்தாகிட்ட கோவமா இல்லாம தனியா கூப்பிட்டு சொல்லுங்க, அவங்களும் ஒரு மகன தொலைச்சுட்டு நிக்கிறவங்க. அப்பறம் அந்த கரண்டி. அவன்கிட்ட நீங்க மன்னிப்பு கேட்டீங்களா? கேக்கலைன்னா கேளுங்க. அடிச்ச பெரியவங்க மன்னிப்பு கேட்டு அவன் பாத்திருக்கவே மாட்டான்.

பழைய_வாத்தியார்:

எல்லாம் படிச்சேன். நாமக்கல் தம்பி எழுதுன அந்த நாப்பது குட்டு மனசுல நின்னுட்டு. அந்த மாதிரி நானும் செஞ்சிருக்கேன் தம்பி. ஒரு பையன் முகம் ஞாபகம் வருது, எட்டாவதோட நின்னுட்டான், ஜன்னல் பக்கமே பாத்துட்டு இருப்பான். அவனைச் சோம்பேறின்னுதான் நான் எழுதி வச்சேன். தங்கச்சி, நான் ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொன்னதை விட்டுரு. கூட்டிட்டுப் போ.

திருப்பூர்_சித்தி:

ஒரு வாரம் கழிச்சு வர்றேன். மன்னிப்பு கேட்டேனுங்க. ஒண்ணும் பேசல, கொஞ்ச நேரம் கழிச்சு வந்து எங்கையில இருந்த சோத்துத்தட்ட வாங்கி அவனே கழுவி வச்சான்.

மதுரை அக்கா சொன்னாங்கன்னு எங்கக்காவோட தகரப்பெட்டிய மூணு வருசத்துக்கு அப்பறம் தொறந்தேன். சேலைக்கு அடியில அவனோட எல்கேஜி ரிப்போர்ட் புக் இருந்துச்சு. டீச்சர் எழுதிருக்காங்க, "நன்றாகப் பேசுகிறான், ஓர் இடத்தில் உட்காருவதில்லை, சொன்னதை உடனே மறந்துவிடுகிறான்"னு. அப்ப நாலு வயசு. வீட்ல சண்டை ஆரம்பிச்சு ஒரு வருசம் இருக்கும், அதனால இதுலயும் எது மொதல்லன்னு தெரியாதுன்னு எனக்கே புரிஞ்சுதுங்க. அந்த வரிக்கு கீழ அக்கா கையெழுத்து இருக்கு. அவளும் இதப் பாத்திருக்கா, யாருகிட்ட கேக்கறதுன்னுதான் தெரிஞ்சிருக்காது.

ரெண்டு வார நோட்டும் ஓடிட்டு இருக்கு. குறட்டை இல்ல, வாரத்துல ரெண்டு நாள் கனவுல எந்திரிக்கறான். கண்ணு பாத்தாச்சு, நல்லாருக்கு. செக்கிங் செக்ஷன்ல சூப்பர்வைசர்கிட்ட சொல்லி அரை நாள் பர்மிஷன் வாங்கிட்டேன். அடுத்த புதன்கெழம ஓ.பி.க்கு போறோம், காலைல ஏழு மணிக்கே வந்து சீட்டு போடச் சொல்லிருக்காங்க. எதுக்கு போறோம்னு கேட்டான், உனக்கு ஜேசிபி மேலயே கவனம் போகுதுல்ல, அது எப்படின்னு தெரிஞ்சவங்கள பாக்கப் போறோம் கண்ணுன்னேன். அவங்களுக்கு ஜேசிபி பத்தி தெரியுமான்னு கேட்டான். அவன் வரைஞ்சு வச்ச நோட்டையும் பையில எடுத்து வச்சிருக்கேன்.